லாச்சியில் விளைந்த தினை

டென்மார்க் மண்ணில் கால் வைத்த தமிழர்களில், காவல்துறையைக் குனிய வைத்துக் களை எடுப்பித்த ஒரே மனிதர் எங்கள் கச்சேரியார்தான். இதை மறுப்பவர்கள் யாராவது இருந்தால் என்னோடு வந்து கதைக்கலாம். நான் நேரில் பார்த்த சாட்சி. அந்த நேரம் என் கையிலும் அலுமாரியிலிருந்து இழுத்தெடுத்த ஒரு லாச்சி இருந்தது.

கச்சேரி என்றதும் மிருதங்கத்தை நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் பெரிய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். அங்கே அவர் கிளாக்கர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து சேர்ந்த பிறகும் கந்தோர் அவரை விட்டுப் போகவில்லை. காலையில் எழும்பி, முகம் வழித்து, டை கட்டிக்கொண்டுதான் பாணும் ஜாமும் சாப்பிட உட்காருவார். வேலை கிடையாது. போக ஓரிடமும் கிடையாது. ஆனாலும் கந்தோர் விடும் நேரம் வரை டையைக் கழற்றமாட்டார்.

டோஸ்ட்ருப்பில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். கச்சேரியார், குலம், நான். குலம் வெங்காயக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை. மண்ணைக் கண்டால் கை தானாக நீளும். நானோ தாவரவியலை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அதனிடம் தோற்றவன். கச்சேரியார் தன் வாழ்நாளில் ஒரு புல்லைக்கூட நட்டதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் விவசாயம் செய்ய ஆசைப்பட்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் முருகன். மனைவியையும் சின்ன மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர் அவர். இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்தால், வந்த அன்றே நல்லூர்க் கந்தனுக்குத் தினைமாவில் விளக்கேற்றுவதாக நேர்த்தி வைத்திருந்தார். கோடை முடியும் சமயம் விசா கிடைத்துவிட்டது. டிசம்பர் நத்தாருக்கு முன் வந்துவிடுவார்கள். கந்தன் தன் பங்கைச் செய்துவிட்டார். இனிக் கச்சேரியாரின் பங்கு. டென்மார்க்கில் தினைக்கு எங்கே போவது?

"அக்காவுக்கு எழுதுங்கோவன். வரேக்கை ஒரு பை கொண்டு வருவா" என்றான் குலம். கச்சேரியாரின் மனைவி எங்களுக்கு அக்கா.

"நேர்த்தி வைச்சவன் நான், ஐசே. அவ கொண்டு வந்தால் அது அவவின்ரை நேர்த்தி. ஒருதரும் அவவுக்கு மூச்சு விடக்கூடாது."

சில நாள் கழித்துக் கடையிலிருந்து ஒரு பெரிய பையை அணைத்துக்கொண்டு வந்தார். குளிர் தொடங்க முன்னரே டேனிஷ்காரர் குருவிகளுக்குத் தீன் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குருவித் தீன் பையின் மூலையில் முகத்தை வைத்துப் பார்த்தால், உண்மைதான், சூரியகாந்தி விதைகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகத் தினை.

"பொறுக்கி எடுத்து இடிச்சால் சரி" என்றேன் நான்.

கச்சேரியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் முறையும் சோதனையில் தோற்றேன். "குருவிக்கெண்டு வித்ததை முருகனுக்குப் படைக்கிறதோ? இதை விதைக்க வேணும். விளைஞ்சு வாறது புதுத் தினை. அதுதான் முறை."

நகரசபை எங்களுக்குத் தந்த அலுமாரியில் பெரிய லாச்சிகள் இருந்தன. இரண்டை இழுத்தெடுத்து, எங்கள் உடுப்புகளை நிலத்தில் கொட்டிவிட்டு, மண் நிரப்பினார். அன்றிலிருந்து நாங்கள் குந்தியிருந்து காற்சட்டை தேடினோம். பையில் இருந்ததை அப்படியே தூவினார். வெய்யிலுக்குப் பதிலாக வீட்டிலிருந்த எல்லா லாம்புகளும் லாச்சிகளின் தலைக்கு மேலே போய்விட, நாங்கள் தட்டுத் தடவிச் சாப்பிட்டோம். வெளியே ஆலங்கட்டி விழ, உள்ளே ஹீட்டர் உச்சத்தில் எரிய, மூன்று பேரும் பெனியனோடு திரிந்தோம். கச்சேரியார் மட்டும் பெனியனுக்கு மேலே டை.

தினை முளைத்தது. அதோடு பையில் இருந்த எல்லாமே முளைத்தன. குலத்தின் கை துருதுருத்தது.

"அண்ணை, களையைப் பிடுங்குவம். தினையை அமத்திப் போடும்."

"விசாரணை இல்லாமல் ஒருதரையும் வெளியிலை விடேலாது, ஐசே" என்றார் கச்சேரியார். "உன்னை விமானத்தாலை இறங்கின உடனை களையெண்டு பிடுங்கி எறிஞ்சவங்களோ? இருக்கட்டும். ஆரெண்டு தெரிஞ்ச பிறகு முடிவெடுப்பம்."

குலம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவனுடைய அகதி விசாரணை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அப்படிக் கருணையால் தப்பியவற்றில் ஒரு சாதி மட்டும் தினையை விட வேகமாக உயர்ந்தது. விரல் விரித்த கைபோல வடிவான இலை. கச்சேரியார் என்னை அழைத்தார். வீட்டில் தாவரவியல் படித்தவன் நான்தானே. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஓர் இலையை முகர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாவரவியலில் ஐயமில்லாத ஒரு விடை சொன்னேன்.

"மரவள்ளி."

"மரவள்ளி தடியிலை எல்லோ முளைக்கும்?" என்றான் குலம்.

"அது அங்கை. இஞ்சை குளிர். விதையிலைதான் முளைக்கும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? மரவள்ளிக்குக் கச்சேரியார் வதிவிட அனுமதி வழங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குலம் கொழுந்துகளைக் கிள்ளி, பெட்டித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தான். கொஞ்சம் கசப்பு. மற்றப்படி சோற்றோடு நன்றாகவே போனது. குலம் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டான். ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டு இளைஞனுக்கு எங்கள் மேல் அன்பு பெருகியது. நீண்ட தலைமுடி, நெஞ்சு வரை தாடி. நாங்கள் வைத்த பெயர் தாடி. அதுவரை படியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவான். ஒரு நாள் திறந்திருந்த கதவுக்குள்ளால் லாச்சியைக் கண்டவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு தினமும் வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, லாச்சிக்கு முன்னால் நிற்பான். நாங்கள் சாமி படத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றதில்லை. தன் வீட்டு லாம்பையும் கொண்டுவந்து தந்தான்.

"பாத்தியளே, வெள்ளைக்காரப் பெடியனுக்கு முருகனிலை எவ்வளவு பக்தி" என்று கச்சேரியார் உருகினார்.

எங்கள் டேனிஷ் வகுப்பில் அப்போது 'இது என்ன?' பாடம். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து, ஆசிரியையிடம் அதன் டேனிஷ் பெயரைக் கேட்டுப் படிக்க வேண்டும். நான் வெங்காயம் கொண்டுபோனேன். குலம் சீப்பு. கச்சேரியார் எழுந்து நின்று, கோட்டுப் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஓர் இலையை எடுத்து, உயர்த்திப் பிடித்து, கணீரென்ற குரலில் கேட்டார்: இது என்ன?

ஆசிரியை, நல்ல மனுசி, முதலில் கதவைச் சாத்தினார். பிறகு சாளரத்தைத் திறந்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகைப்பதுபோல் காட்டி, கண்ணை மேலே செருகினார். கச்சேரியாருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் கை தானாக டையைத் தளர்த்தியது. கந்தோர் நேரத்தில் அவர் டையைத் தளர்த்தி நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

"கஞ்சா" என்றார் என் பக்கம் திரும்பி. "மரவள்ளி, என்ன?"

நான் என் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கே எனக்கு ஒருமாதிரி இருந்தது" என்று குலம் தலையைப் பிடித்துக்கொண்டான். வறை சாப்பிட்டு ஒரு கிழமைக்கு மேலான பிறகு அவனுக்கு மயக்கம் வந்தது அப்போதுதான்.

பேசாமல் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போடும்படி ஆசிரியை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் குலமும் அதையே சொன்னான். "பொலிசுக்குத் தெரிஞ்சால் அக்காவின்ரை விசாவை வெட்டிப் போடுவாங்கள் அண்ணை. பிள்ளையையும் தாயையும் அங்கையே நிப்பாட்டிப் போடுவாங்கள்."

கச்சேரியார் லாச்சிகளுக்கு முன்னால் குந்தி, மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தார். தினை அப்போதுதான் கதிர் தள்ளியிருந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். எழும்பி டை முடிச்சை இரண்டு தரம் சரிபார்த்தார். பயம்தான். ஆனால் அவர் பயப்படும்போதும் முறைப்படிதான் பயப்படுவார்.

"மறைச்சு எறிஞ்சால் குற்றம், ஐசே. கொண்டு போய்க் குடுத்தால் கடமை. ஒரு பொய்யை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு முருகனுக்கு எப்பிடி விளக்கு வைக்கிறது? எடும் அந்த லாச்சியை."

மறுநாள் காலை, பனி தூறிக்கொண்டிருக்க, கோட்டைக் கழற்றிப் பயிருக்குப் போர்த்துவிட்டு, தான் சேட்டும் டையுமாக ஒரு லாச்சியைச் சுமந்து நடந்தார். மற்றது என் கையில். விஷயம் தெரிந்த தாடி, பஸ் தரிப்பிடம் வரை எங்களுக்குப் பின்னால் பிரேத ஊர்வலத்தில் வருபவனைப்போல் வந்தான். "எனக்குத் தந்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று டேனிஷிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கெஞ்சினான்.

"பயிரைப் பிரியேலாமல் அழுகிறான்" என்றார் கச்சேரியார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் இரண்டு பேரும் லாச்சிகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். இலைகள் கோட்டுக் கழுத்துக்குள்ளால் வெளியே எட்டிப் பார்த்தன. பின் ஆசனத்துப் பெடியள் எழும்பி வந்து பார்த்துவிட்டு மரியாதையோடு வழிவிட்டார்கள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்தப் பயணத்தில்தான்.

பொலிஸ் நிலையத்தில் லாச்சியை மேசையில் வைத்து, டையைச் சரிசெய்து, கச்சேரியார் தன் கந்தோர் ஆங்கிலத்தில் அறிவித்தார்: "அறியாமையால் வளர்த்த இந்தச் செடியை அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறேன். பக்கத்தில் நிற்கும் தினை நிரபராதி. அதை மட்டும் விட்டுவிடுங்கள்."

மேசைக்குப் பின்னாலிருந்த பெரிய மீசைக்காரர் லாச்சியைப் பார்த்தார், டையைப் பார்த்தார், உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். ஒருவர் வந்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். முருகன், நேர்த்தி, மனைவி, மகள், குருவி எல்லாவற்றையும் கச்சேரியார் ஒழுங்காகச் சொல்லி, சாட்சிக்குக் குருவித் தீன் பையையும் எடுத்து நீட்டினார். மீசைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வீட்டிலும் இதைத்தான் போடுகிறேன்" என்றார். "குருவிகள் ஒன்றும் முறைப்பாடு செய்யவில்லை."

பிறகு செடியைப் பிடுங்கக் கை வைத்தார். கச்சேரியார் பாய்ந்து தடுத்தார். "நோ, நோ. பிடுங்கினால் தினையும் வரும். வெட்டுங்கள். மெல்ல."

கந்தோர்க் கத்தரிக்கோல் வந்தது. டென்மார்க் அரசாங்கத்தின் அதிகாரி குனிந்து ஒவ்வொரு தண்டாக வெட்ட, பக்கத்தில் நின்று கச்சேரியார் "ஸ்லோலி, ஸ்லோலி, அது தினை" என்று மேற்பார்வை செய்தார். ஒரு கதிருக்கும் சேதமில்லை. விசாவைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மீசைக்காரர் சிரித்து, அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்." குளிரில் பஸ்ஸுக்கு நின்றால் பயிர் வாடிவிடும் என்று பொலிஸ் காரிலேயே எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாளரத்தால் அந்தக் காரைக் கண்ட குலம் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். தாடியின் வீட்டில் திரைச்சீலைகள் மூடிக்கொண்டன.

அக்கா மகளோடு வந்து இறங்கிய நாளில் தினை முற்றி, ஒரு சிறங்கை தேறியிருந்தது. அதைக் கோப்பிக்கொட்டை அரைக்கும் மெசினில் அரைத்து, தேன் விட்டுக் குழைத்து, பெருவிரல் அளவில் ஒரு விளக்குச் செய்து வைத்துவிட்டுத்தான் கச்சேரியார் விமான நிலையத்துக்கு வந்தார். வீடு திரும்பியதும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் படியேறினார். நானும் அக்காவும் பெட்டிகளோடு பின்னால்.

படியில் ஒரு பெட்டியின் பூட்டுக் கழன்று உடுப்புகள் சரிந்தன. சேலைகளுக்கு நடுவில் ஒரு துணிப் பை. உள்ளே தினைமா. அப்பன் முருகன் இரண்டு வீட்டிலும் வேலை செய்திருக்கிறார்.

"நானும் நேர்த்தி வைச்சனான் தம்பி" என்றார் அக்கா. "அவருக்குச் சொல்லேல்லை. ஏன் இப்பிடி முழுசுறீர்?"

படியிலேயே நின்று லாச்சி, மரவள்ளி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பையைச் சேலைக்குள் சுருட்டி வைத்தார்.

"முருகனுக்குத் தெரியும், உமக்குத் தெரியும். அவ்வளவு காணும்."

மேலே அந்தப் பெருவிரல் விளக்கு எரிந்தது. வெறும் லாச்சிகளுக்கு முன்னால் டை கட்டிய மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, அக்கா விழுந்து கும்பிட்டார். கதவு நிலையில் தாடியும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான்.

மறுநாள் அக்கா ஒரு தாச்சி நிறையத் தினைமா உருண்டை பிடித்தார். எங்களுக்கு, தாடிக்கு, ஆசிரியைக்கு, பொலிஸ் மீசைக்காரருக்குக்கூட ஒரு பொதி. "எல்லாம் இவர் விளைவிச்சது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். குலம் உருண்டைகளையும் லாச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன விளைச்சல் அண்ணை" என்றான். கமக்காரன் மகன் வாயால் அந்தச் சொல்.

"மண் வாசி, ஐசே" என்றார் கச்சேரியார்.

பிறகு ஊரிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் இந்தக் கதையைச் சொன்னார். ஒரு சிறங்கை விதையில் ஒரு தெருவுக்கே சாப்பாடு போட்டதாகச் சொல்லி, யாராவது சந்தேகமாகப் பார்த்தால் என் பக்கம் கையை நீட்டுவார். அக்கா அடுப்படியில் நின்று என்னைப் பார்ப்பார். நான் ஓம் என்பேன், உருண்டை இன்னும் கொஞ்சம் பெரிது என்றும் சேர்த்துச் சொல்வேன்.