எட்டு நெட்வொர்க் கார்டும் என் தெலுங்கும்

'தெரியாது' என்ற வார்த்தை என் வாயில் சுலபத்தில் வராது. (கூச்ச சுபாவம் என்பாள் அம்மா. கொழுப்பு என்பார் அப்பா.) அந்தக் கொழுப்பு கரைந்தது ஹைதராபாத்தில்.

மதுரையிலிருந்து போய் ஹப்சிகுடாவில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கூட வேலை பார்த்த சித்ரா, மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். எங்கள் விஷயம் அவள் வீடுவரை போய், "வேலை நிரந்தரமாகட்டும், தையிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

நிரந்தரமாக்க எம்.டி. எனக்கு ஒரே ஒரு சோதனை வைத்தார். எட்டு சாதாரணக் கம்ப்யூட்டர்களை லினக்ஸில் ஒன்றாகக் கோத்து, ஒரு பெரிய கணக்கைப் பங்குபோட்டுச் செய்யவைக்க வேண்டும். தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்து பார்ப்பார்.

எட்டுக்கும் நெட்வொர்க் கார்டு வேண்டும். எல்லாக் கார்டும் லினக்ஸோடு ஒத்துப்போகாது. அதற்கான டிரைவர் மென்பொருள் இருந்தால்தான் ஓடும். "கடைக்கு நானும் வரட்டா?" என்று சித்ரா கேட்டாள். "எதுக்கு? தெலுங்குதானே" என்றேன். தமிழ் வார்த்தையோடு 'அண்டி' சேர்த்தால் தெலுங்கு என்பது என் ஆராய்ச்சி முடிவு.

"லினக்ஸ் டிரைவர் உண்டா அண்டி?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"உண்டண்டி" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உண்டு என்று மனிதர் சொன்ன பிறகு என்ன தாமதம்? பில் போடுகிறவரிடம் எட்டு விரலைக் காட்டி, பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கடைக்காரர் வாசல்வரை ஓடிவந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். என்ன மரியாதையான ஊர் என்று நெகிழ்ந்து நானும் கையாட்டினேன்.

மறுநாள் காலை எட்டையும் பிரித்துச் செருகினேன். லினக்ஸ் ஒன்றைக்கூடச் சீந்தவில்லை. கேபிளை மாற்றினேன். ஊதிச் செருகினேன். சாமி கும்பிட்டுச் செருகினேன். விஞ்ஞானி மூன்று மணிக்கு வருகிறார்.

சித்ரா கடைக்குப் போன் போட்டாள். பேசப்பேச அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"உண்டண்டின்னா 'இருங்க'ன்னு அர்த்தம். கேட்டுட்டு வரேன், இருங்கன்னு உள்ள போயிருக்கார். டிரைவர் இல்லன்னு சொல்ல ஓடிவந்தா, நீங்க டாட்டா காட்டினீங்களாம்."

"திருப்பி எடுத்துப்பாரா?"

"பிரிச்ச பெட்டி நக்கோங்கறார். கைக்கு இந்த வீறாப்பு உங்களுக்கு?" (செகந்திராபாத்தில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு.)

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். வழி சொன்னதும் அவள்தான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த பழைய கார்டுகள் லினக்ஸில் நன்றாக ஓடும். ஏழு பேரிடம் கெஞ்சி ஏழு கார்டுகளை வாங்கித் தந்தாள். எட்டாவதுக்கு ஆள் இல்லை. எம்.டி. விஞ்ஞானியை அழைத்துவரப் போயிருந்தார். அவர் அறை திறந்திருந்தது. (இதைச் சித்ராவிடம்கூட நான் சொல்லவில்லை.)

மூன்று மணிக்கு எட்டு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து கணக்கைப் போட்டுத் தள்ளின. விஞ்ஞானி தலையை ஆட்டி ரசித்தார். எம்.டி.க்கு வாயெல்லாம் பல். "உன் பெர்மனென்ட் ஆர்டரை இப்பவே மெயில்ல அனுப்பறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, விஞ்ஞானியையும் கூட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். கையில் நெட்வொர்க் கேபிளின் நுனி. அதைச் செருக அவருடைய கம்ப்யூட்டரில் இடமே இல்லை.

"நா கார்டு எக்கட?"

'என் கார்டு எங்கே' என்ற அந்தத் தெலுங்கு மட்டும் எனக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது. சித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆர்டர் நான்கு மாதம் தள்ளிப்போனது. தை முகூர்த்தம் வைகாசிக்குப் போனது. ஹைதராபாத் வைகாசி வெயிலில், பட்டு வேட்டியோடு ஹோமப் புகைக்கு முன்னால் உட்கார்ந்து நான் தாலி கட்டினேன். கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ பாக்கியில்லாமல் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் பார்க்கிறவர்கள், "மாப்பிள்ளை ஏங்க அழறார்?" என்று கேட்பார்கள். அது வியர்வை என்று சித்ரா இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.