கல்யாணப் பத்திரிகையில் மோட்டார் நம்பர்

களமருதூர்,
தை 25

பெரிய மச்சான் வெங்கடேசன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரன் கொளஞ்சியப்பன் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை நிர்மலாவும், கல்யாணப் பெண் எழில்மதியும், இரண்டு கறவை மாடுகளும் சுகம். மலையில் பனி அதிகம் என்று கேள்வி. காதைக் கட்டிக்கொண்டு, டீக்கடை அடுப்பு பக்கத்திலேயே இருந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். செய்தி பெரிது என்பதால் குடும்ப விசாரிப்பு இத்துடன் போதும்.

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், நான் ஜவுளிக்கடைப் பையோடு நிற்கும்போது, கரியாலூர் பஸ் கண்டக்டர் இருசப்பன் படியை விட்டு இறங்கி வந்து, "ஏங்க, டீக்கடைக்காரரு ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சாரு. கல்யாணத்துக்கு வரமாட்டாராம். ஏன்னு உங்களுக்கே தெரியுமாம்" என்றான். எனக்குக் கையிலிருந்த பை நழுவிவிட்டது. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் வீட்டில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? வீட்டுக்கு வந்து சொன்னால் நிர்மலா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எழில்மதி, "பெரிய மாமா வரலைன்னா நான் மேடை ஏறமாட்டேன், நீங்களே போய் உக்காந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாசி ஒன்பது முகூர்த்தம். இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. உங்கள் கோபத்துக்குக் காரணம் இன்னதுதான் என்று எனக்கு இப்போது தெரியும் மச்சான். அது நானில்லை. அது என் கிணற்று மோட்டார். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

போன ஆடியில் மோட்டாருக்கு ஒரு பெட்டி மாட்டினேன். அதற்குள் ஒரு சிம். வீட்டிலிருந்தபடியே அந்த நம்பருக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும், மறுபடி போட்டால் நிற்கும். யார் போனிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கிற மலிவு ரகம். போதாததற்கு உள்ளே ஒரு பெண் குரல் வேறு. "வணக்கம், மோட்டார் இயக்கப்பட்டது", "வணக்கம், மோட்டார் நிறுத்தப்பட்டது", கரண்ட் இல்லாவிட்டால் "மும்முனை மின்சாரம் இல்லை, சற்றுப் பொறுத்து முயற்சிக்கவும்". நல்ல குரல். நம் வீட்டில் யாரும் எனக்கு அவ்வளவு மரியாதையாய்ப் பதில் சொன்னதில்லை. முதல் மாதம் நான் ராஜா மாதிரி இருந்தேன். சேற்றில் இறங்கி, பாம்பைத் தாண்டி, கிணற்றுக் கொட்டகைக்குப் போய் ஸ்விட்சைத் தட்டுகிற வேலை ஒழிந்தது. இரண்டாம் மாதம் உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அதாவது, கிணற்றுக்கு நடக்காமலிருக்க ஒரு மெஷினை வாங்கி மாட்டிவிட்டு, அதனால் வந்த வியாதிக்கு உளுந்தூர்பேட்டை ரோட்டில் கையை வீசிக்கொண்டு நடக்கிறேன். விஞ்ஞானம் என்பது இதுதான் மச்சான், ஒரு வேலையைப் பிடுங்கிக்கொண்டு அதையே மருந்துச் சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுக்கும். எழில்மதி ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டாள், எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணுமாம். ஒரு நாள் பூராவும் டிராக்டரில் உட்கார்ந்து உழுதேன். பதினோராயிரம் அடி நடந்ததாகச் சொன்னது. டாக்டரிடம் காட்டினேன், முதுகில் தட்டிக் கொடுத்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி மாட்டிய ஆள், சிம் என் பெயரில் இருப்பதால், என் போனில் அந்த நம்பரை "கொளஞ்சியப்பன்" என்று பதிந்துவிட்டுப் போய்விட்டான். தினமும் காலையில் நான் என் பெயரை நானே அழுத்தி என் வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நிர்மலாவும் நானும் பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்துக்காரர், "பொண்ணு அப்பா போன் நம்பர் சொல்லுங்க" என்றார். தன் நம்பரைத் தானே மனப்பாடமாய் வைத்திருக்கிறவன் இந்த நாட்டில் எவன்? நானென்ன எனக்கே போன் போட்டுக்கொள்கிறேனா? போனை எடுத்தேன், கொளஞ்சியப்பன் என்று தேடினேன், வந்தது, சொன்னேன். தப்பில்லாமல், ஒரு எண் விடாமல் சொன்னேன். அறுநூறு பத்திரிகையிலும் பளபளவென்று சிவப்பு மசியில் ஏறிவிட்டது.

பத்திரிகை கொடுத்துப் பத்து நாள் ஆயிற்று. ஒரு சொந்தக்காரன் போன் போடவில்லை. எனக்கு எப்படியிருக்கும் சொல்லுங்கள். யார் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போகாமல் இருந்தேன், எந்தச் சாவுக்கு மாலை வாங்கிப் போகாமல் இருந்தேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். இன்னொரு பக்கம் மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது, தன் இஷ்டத்துக்கு நிற்கிறது. வயலில் நெல் முற்றி, தண்ணீரை வடித்து, அறுவடை மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நேரம். வயலில் தண்ணீர் தேங்கினால் மெஷின் சேற்றில் இறங்காது, நெல் சாய்ந்து அங்கேயே முளைத்துவிடும். அந்த நெல்லை நம்பித்தான் பந்தலும் சாப்பாடும். பக்கத்து வயல் கண்ணாயிரம் வரப்பிலே நின்று, "இன்னா கொளஞ்சி, அறுக்கப் போற வயல்ல தண்ணி கட்டிக்கினு கீற? வழிஞ்சி என் உளுந்துக்கு வருது" என்று கத்தினான். நான் அவன்தான் கள்ளத்தனமாய் ஓட்டுகிறான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். அவன் என் முப்பாட்டன் வரைக்கும் போய்த் திட்டினான். இரண்டு நாள் கொட்டகையில் உட்கார்ந்து காவல் காத்தேன். கண்ணெதிரே, ஒரு கை படாமல், மோட்டார் தானாகக் கிளம்பியது. ஐயனாருக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். அதை இனிமேல் எப்படிக் கழிப்பது என்பது வேறு கதை.

இந்த நிலையில் போன வெள்ளிக்கிழமை சின்னசேலத்திலிருந்து சம்பந்தி ஆதிமூலமும் அவர் சம்சாரம் ஜெயம்மாளும் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒலிபெருக்கியில் யார் என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிற ஆள். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "சம்பந்தி, போன் எடுக்க வெச்சிருக்கிற பொண்ணு மரியாதையாத்தான் பேசுது. வணக்கம் சொல்லாம ஆரம்பிக்கறதில்ல. ஆனா சமாச்சாரம் சொன்னா வாங்கிக்க மாட்டேங்குதே. சமையல்காரனுக்கு எத்தினி பேருன்னு கேட்டா மோட்டார் ஓடுதுங்குது. திரும்பிக் கேட்டா நின்னுடுச்சிங்குது" என்றார். சம்பந்தியம்மா காப்பியைத் தொடவேயில்லை. நேராக நிர்மலாவைப் பார்த்து, "யாருங்க அந்தப் பொண்ணு? ஒரு நாளைக்கு நாலு வாட்டி போட்டேன், நாலு வாட்டியும் அதுதான் எடுக்குது. பொண்ணு எடுக்கற வூட்டப் பத்தி நாங்க தெரிஞ்சிக்கணும் இல்ல?" என்றார்கள். நிர்மலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இல்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எழில்மதிதான் பத்திரிகையை எடுத்து, என் போனை வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டு, "அப்பா, ஊரு முழுக்க நம்ம மோட்டாருக்குத்தான் போன் போட்டுக்கினு இருக்குதுப்பா" என்றாள். சம்பந்தியம்மா நம்பவில்லை. எல்லோரையும் கிணற்றுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர்கள் கையாலேயே போன் போடச் சொன்னேன். பெட்டிக்குள் பச்சை விளக்கு எரிந்தது, போனில் "வணக்கம்" வந்தது, மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீர் கொட்டியது. சம்பந்தியம்மா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே மச்சான். மறுபடி போட்டு நிறுத்தினார்கள். மறுபடி ஓட்டினார்கள். "நல்லாத்தான் கீது, நம்ம வூட்டுக்கும் ஒண்ணு மாட்டணும்" என்று சம்பந்தியிடம் சொன்னார்கள். எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. சாயங்காலம் பஜ்ஜி போட்டு, சமையலுக்கு எத்தனை பேர் என்று பேசி முடித்து, சந்தோஷமாய்ப் போனார்கள்.

நெல்லும் தப்பித்தது. எப்படி என்று கேளுங்கள். ஒருத்தர் கூப்பிட்டால் ஓடும், அடுத்தவர் கூப்பிட்டால் நிற்கும் அல்லவா? கூப்பிட்ட சொந்தக்காரர் கணக்கு இரட்டைப்படையில் முடிந்த நாளெல்லாம் மோட்டார் தானாகவே நின்றிருக்கிறது. ஒற்றைப்படையில் முடிந்த நாளில் கரண்ட்டே போய்விட்டிருக்கிறது. மின்வெட்டைத் திட்டாத நாளில்லை நான், இனிமேல் திட்டமாட்டேன். சனிக்கிழமை அந்தச் சிம்மைப் பிடுங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வயல் காய்ந்தது, நேற்றுக் காலையில் மெஷின் இறங்கி அறுத்துவிட்டது. கண்ணாயிரத்திடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடு கொளஞ்சி, உளுந்துக்கும் தண்ணி தேவையாத்தான் இருந்துச்சி" என்றான். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என் முப்பாட்டன் நிம்மதியாய் இருந்திருப்பார்.

பாக்கி நீங்கள் ஒருவர்தான் மச்சான். உங்கள் ஊரில் சிக்னல் கிடையாது, கரியாலூர் வளைவு வரைக்கும் நடந்து வந்துதான் போன் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் நடந்து வந்து பாசமாய்க் கூப்பிட்டவருக்கு ஒரு பொம்பளை எடுத்து "மோட்டார் நிறுத்தப்பட்டது" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கொளஞ்சிக்குத் திமிர் ஏறிப்போச்சு, ஆள் வைத்துப் பேசுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். சத்தியமாய் இல்லை. மெஷினுக்குக் காது வைத்தவன், வாய் வைத்தவன், உறவு முறை தெரிகிற மாதிரி ஒன்றும் வைக்கவில்லை. அதற்குத் தாய்மாமனும் ஒன்றுதான், லோன் வேணுமா என்று கேட்கிறவனும் ஒன்றுதான். பிடுங்கிய சிம்மை நிர்மலா அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிட்டாள். நீங்கள் மனசு இறங்கி வரவேண்டும். பிள்ளைக்குப் பட்டம் கட்டவேண்டும். வேறு எந்தக் குறையும் இந்த வீட்டில் உங்களுக்கு யாரும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம்.

மலையில் இருக்கிற பெரியவர்களுக்கெல்லாம் நாங்கள் கைகூப்பியதாகச் சொல்லவும். உங்கள் கடைக்கும் அடுப்புக்கும் ஐயனார் துணை. நாளைக்குக் கள்ளக்குறிச்சி போய் இருசப்பன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பாசமுள்ள,
கொளஞ்சியப்பன்

பின் குறிப்பு: கவரை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். வெளியே வந்தால் நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், தோளில் சாமை அரிசி மூட்டை, கையில் தேன் பாட்டில். "கல்யாணத்துக்குத்தான் வரமாட்டேன்னேன், வூட்டுக்கு வரமாட்டேன்னா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள். நான் மோட்டார் கதையை ஆரம்பித்தேன். "மோட்டாரு பேசறது எனக்குத் தெரியாதா? முத வாட்டியே புரிஞ்சிக்கினேன். அதுக்கா கோவப்படுவேன்? பத்திரிகையில தாய்மாமன்னு என் தம்பி சுப்புராயன் பேரை மேல போட்டு, மூத்தவன் என் பேரைக் கீழ போட்டிருக்கீங்களே, யாரு சொன்ன வரிசை அது?" என்றீர்கள். ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன் மச்சான், இந்த ஒரு வரி என் தலையில் உதிக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் அடுப்படிக் கதவிடுக்கில் நிர்மலா நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். நான், "நான்தாங்க மச்சான், அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். "உங்களுக்கு இன்னா தெரியும், வுடுங்க" என்று சிரித்தீர்கள். எழில்மதி வந்து உங்கள் காலில் விழுந்தாள், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள், பட்டம் கட்ட வருவதாக வாக்குக் கொடுத்தீர்கள். இப்போது கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் தங்கை மூன்றாம் தடவை குழம்பு ஊற்றுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தை இன்றைக்குத் தரமாட்டேன். கல்யாணம் முடிந்து, பட்டமும் கட்டி, நீங்கள் ஊருக்குத் திரும்பும்போது, இருசப்பனை விசில் ஊதச் சொல்லிவிட்டு, பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையில் திணிப்பேன். அந்த வரிசையை அச்சகத்தில் சொன்னது உங்கள் தங்கை.