ஓய்வெடுக்கும் பொறி

உப்பளங்கள் நிறைந்த வெண்கரை நாட்டில், அரசுக்கு முதல் பொறி வந்த ஆண்டிலேயே பொறிகளைப் பற்றி எழுத ஒரு பத்திரிகையும் தொடங்கப்பட்டது. பெயர் 'பொறிமுரசு'. அரசாங்கம் எந்தப் பொறியை வாங்கியது, எங்கே நிறுவியது என்பதுதான் அதில் செய்தி. அதிகாரிகளும் பொறி விற்பவர்களும் படித்தார்கள். ஆசிரியர் தில்லைக்கரசி பத்து ஆண்டுகள் அதை நிம்மதியாக நடத்தினாள்.

பிறகு அரிசிக் கிடங்குகளுக்குக் கைரேகைப் பொறி வந்தது. ரேகை பொருந்தினால்தான் கதவு திறக்கும். உப்பு வாரி விரல் தேய்ந்தவர்களுக்குத் திறக்கவில்லை. தில்லைக்கரசி அதைப் 'பழுது' என்று எழுதினாள். பொறித்துறை அமைச்சர் மகிழ்மாறன் உடனே ஆணையிட்டார்: அச்சொல் இனி அச்சில் வரக்கூடாது, 'ஓய்வு' என்றே எழுத வேண்டும். ஓய்விலிருக்கும் பொறியை எவரும் தொந்தரவு செய்யக்கூடாது என்றது அடுத்த ஆணை. மூன்றாவது ஆணைப்படி, ரேகை பொருந்தாதவர்கள் பசியற்றவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

உப்பளத் தொழிலாளி செம்பாயி பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தே வந்தாள். பிள்ளைகள் இரண்டும் மூன்று நாளாக வெறும் கஞ்சித்தண்ணீரில் கிடப்பதைச் சொன்னாள்.

"பொறியப் பத்தி நீங்கதான எழுதுறீங்க. அது எப்ப எந்திரிக்கும்னு கேட்டுச் சொல்லுங்கம்மா."

தில்லைக்கரசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொறியோடு வந்த குறிப்பேட்டைத் தேடியெடுத்து வரிவரியாகப் படித்தாள். கதவின் பக்கத்தில், ஒரு தகட்டுக்கு அடியில், கையால் திருகும் பிடி இருந்தது. அடுத்த இதழ் முழுவதும் அதைப் படத்தோடு அச்சிட்டாள். தலைப்பு: 'ஓய்வெடுக்கும் பொறியைத் தொந்தரவு செய்யாமல் கதவைத் திறப்பது எப்படி?' எந்த ஆணையும் மீறப்படவில்லை.

கிடங்கு அதிகாரிகள் படித்தார்கள். ஒரே வாரத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தன.

அமைச்சர் நேரில் வந்தார். கைதாவதற்குத் தயாராகத் தில்லைக்கரசி எழுந்து நின்றாள்.

"மின்சாரமே தேவைப்படாத தொழில்நுட்பம், அம்மையாரே. நம் துறையின் கண்டுபிடிப்பு என்று எழுதுங்கள். அட்டையில் என் படம் இருக்கட்டும்" என்றார் அவர்.

அவள் தலையசைத்தாள். அந்த ஆண்டுத் தேர்தலில் மகிழ்மாறன் கைப்பிடிச் சின்னத்தில் போட்டியிட்டார்.

அமைச்சர் படம் போட்ட இதழ் வெளியான அன்று தில்லைக்கரசி கிடங்குக்குப் போனாள். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு செம்பாயி எதிரே வந்தாள். அட்டைப்படத்தைக் காட்டி, தனக்கு வேறு வழியில்லாமல் போனதைத் தில்லைக்கரசி சொல்லத் தொடங்கினாள்.

"யாரு படமா இருந்தா என்னம்மா" என்றாள் செம்பாயி. "நான் போறேன். உலை வைக்கணும்."