குளிசை மாமியின் அரைத்தலை வைத்தியம்

ஜெர்மனியின் எசன் நகரில் எந்த அலாரத்துக்கும் எழும்பாதவர்களைக்கூட எழுப்பக்கூடியவர் ஒருவர்தான். நேரம் தவறாமல் குளிசை, அதாவது மாத்திரை, விழுங்க வைக்கும் எங்கள் குளிசை மாமி.

மாமி கானாவில் பிறந்தவர். ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பல வருடம் வேலை செய்து, யாழ்ப்பாணத் தமிழைக் கறித்தூளோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டவர். பிறகு சொந்தமாகத் தலை பின்னும் கடை போட்டார். அதன் ஒரு மூலையில் என் தையல் மெசின். பிளவுஸ் தைக்க வரும் நம்மவர்கள், ஒரு கறுப்பினப் பெண்மணி “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்பதைக் கேட்டுக் கதிரையைத் தவறவிட்டுத் தரையில் அமர்ந்திருக்கிறார்கள்.

மாமிக்கு எச்.ஐ.வி. இருந்தது. தன்னுடையதை ஊருக்கே சொல்வார். அடுத்தவருடையதைக் கேட்டால் உடனே காது கேளாதவராகிவிடுவார். ஒருநாள் ஓர் அக்கா, மாமி நீட்டிய தேத்தண்ணியை வாங்கத் தயங்கினார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. இது தேத்தண்ணியாலை தொத்தாது. நான் ஒழுங்காக் குளிசை போடுறதாலை புருசனுக்கே தொத்தாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆனா உங்கடை தடிமன் எனக்குத் தொத்தும். அங்காலை திரும்பித் தும்முங்கோ!”

அக்கா தும்மலை விழுங்கிவிட்டு இரண்டு கோப்பை குடித்தார்.

அதே எச்.ஐ.வி. வருத்தம் உள்ள ஆபிரிக்கப் பெண்கள் பலர் மாமியிடம் வருவார்கள். குளிசை நேரம் வந்தால் மாமி சீப்பை மைக் போலப் பிடித்துப் பாடத் தொடங்குவார். பாட்டு நின்றால் போதும் என்று எல்லோரும் அவசரமாக விழுங்கிவிடுவார்கள்.

ஒருநாள் கென்யாவைச் சேர்ந்த ஒரு பெண் வந்தாள். கிரேஸ் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைச் சொன்னால் மாமி என் மெசினைத் தெருவில் இறக்கிவிடுவார். தலை பின்னும்போது கிரேஸ் மெல்ல ஜெர்மன் மொழியில் சொன்னாள்: “நான் குளிசையை விட்டுட்டன். அதைக் கண்டாலே வாழப் பிடிக்கேல்லை. கட்டிலை விட்டு எழும்பவே ஏலாமல் கிடக்கு.”

மாமி பாடவில்லை. பின்னிக்கொண்டே இருந்தார். பாதித் தலை வந்ததும் சீப்பை வைத்தார்.

“இண்டைக்கு இவ்வளவுதான்.”

கிரேஸ் கண்ணாடியைப் பார்த்தாள். வலப்பக்கம் ராணி. இடப்பக்கம் வெடித்த தலையணை.

“இப்பிடியே எப்பிடி ட்ராமிலை போறது?”

“தொப்பி தாறன். மிச்சம் வேணுமெண்டா நாளைக்குக் காலமை எழும்பி வா.”

மறுநாள் கிரேஸ் கோபத்தில் கொதித்துக்கொண்டு வந்தாள். மாமி அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, நேரே டொக்டரிடம் கூட்டிப்போய் மருந்தைத் திரும்பத் தொடங்க வைத்தார். அதன்பின் தினமும் சாப்பாடு, குளிசை, இரண்டே இரண்டு பின்னல். தலை முடியப்போகிறது என்று தெரிந்தால் “ஐயோ, இது கோணல்!” என்று அவிழ்த்துவிடுவார். அந்தத் தலை முடிவதற்குள் நான் ஒரு கலியாண வீட்டுக்கே பிளவுஸ் தைத்துவிட்டேன்.

“குளிசை வைரசுக்கு,” என்றார் மாமி என்னிடம். “மனசுக்கு வேறை டொக்டர் வேணும்.” மனநல மருத்துவரிடம் ‘டெர்மின்’ என்று சந்திக்க நேரம் கேட்டால், பல மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மாமி கிரேசையும் சீப்புப் பையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தார். “ஆரும் வராமல் விட்டா நாங்கள் இருக்கிறம்!” சும்மா இருக்கக் கை விடவில்லை. சில நாட்களில் வரவேற்பறைப் பெண்ணின் தலையில் பின்னல், காத்திருந்தவர்கள் தலையில் பின்னல், ஒரு தபால்காரரின் தாடியிலும் பின்னல். கடைசியில் டெர்மின் எடுத்திருந்த ஒருவர் வரவில்லை. கிரேஸ் உள்ளே போனாள். வெளியே வரும்போது அழுது முகம் வீங்கியிருந்தது. “அடுத்த கிழமையும் வரச் சொன்னவை. வாறன் எண்டு சொல்லிட்டன்,” என்றாள்.

சில மாதங்கள் கழித்துக் கிரேஸ் கடைக்கதவைத் திறந்தபடியே கத்தினாள்: “இரத்தத்திலை வைரஸ் பிடிபடவே இல்லையாம்!”

கடை அதிர்ந்தது. தலை கழுவிக்கொண்டிருந்தவள் ஈரத்தோடு ஆடினாள். நான் மிதியை அழுத்தி, யாரோ ஒருவரின் பிளவுசை என் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மாமி மட்டும் “ம், நல்லது” என்று பின்னறைக்குள் போய்த் தலை உலர்த்தும் மெசினைப் போட்டார். அது நிற்கவேயில்லை. உள்ளே உலர்த்த ஒரு தலையும் இல்லை. கதவருகே போனபோது அந்த இரைச்சலுக்கு அடியில் விம்மல் கேட்டது.

நான் கதவைத் தட்டவில்லை. மாமியைத் தேடி வந்தவர்களிடம் “அவவுக்கு உள்ளை வேலை கிடக்கு” என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சத்தம் ஓயும்வரை அங்கேயே காவல் நின்றேன்.