மஞ்சள் பட்டையைத் தொட்ட ஓட்டை அண்ணன்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓட்டை அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பேர்வழி இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் ஒருவன் பிறந்தாலும் அவருக்குப் பாதி கூடத் தேறமாட்டான்.

ரெம்பாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் நான் கணக்கு எழுதும் கிராணி, அவர் கணினிகளுக்குக் காவல். கூட்டத்துக்கு யாராவது ஸ்லைடு அனுப்பினால் போதும், "இதுல ஓட்டை இருக்கு தங்கச்சி, அது வழியா திருடன் உள்ள வருவான்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஸ்லைடைத் திறந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, முழுதாகத் திறக்க அனுமதி கேட்கும். எங்கள் ஆபீஸில் அதைத் தொடுவது கொலைக்குற்றம். அனுப்பியவருக்குப் போன் போட்டு, "நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் தொடலாம்.

ஒரு தடவை கோயில் திருவிழா அழைப்பு ஸ்லைடாக வந்தது. பொருளாளர் போனை எடுக்கவில்லை. அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார். அங்கே ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்த பொருளாளர், கையில் மைக் இருப்பதை மறந்து, "நான்தான்யா அனுப்புனேன், ஆத்தா மேல சத்தியம் லா, திறந்து தொலை" என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கக் கேட்டது.

தலைமையகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரியையும் அவர் விடவில்லை. ஓட்டையை அடைக்கிற அப்டேட் முடியட்டும் என்று உட்கார வைத்தார். அது முடிந்தபாடில்லை. கடைசியில் அந்த மனிதர் ஸ்லைடே இல்லாமல் பேச எழுந்து, சொல்ல ஒன்றுமில்லாமல் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர்கள் அண்ணனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்வோம். அவர் சிரிக்கமாட்டார். வீட்டிலே மனைவி இல்லை. ஒரே மகன் மெல்பர்னுக்கு வேலைக்குப் போனவன், இவரைக் கேட்காமலே கல்யாணம் செய்துகொண்டான். கோபத்தில் இவர், "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லிவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, பண்ணவே இல்லை. தினமும் காலையில் மின்னஞ்சலில் அவன் பெயர் இருக்கிறதா என்றுதான் அண்ணன் முதலில் தேடுவார். எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

ஒருநாள் அந்தப் பெயர் வந்திருந்தது. கூடவே, குடும்பப் படங்கள் என்று ஒரு ஸ்லைடு. திறந்தார், மஞ்சள் பட்டை வந்து நின்றது.

"அண்ணே, மொதல்ல போன் பண்ணிக் கேளுங்க" என்றேன்.

"பண்ணாதன்னு சொன்னவனே நான்தான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது தங்கச்சி?"

"சந்தேகமா இல்லையா?"

"இருக்கு. ஒருவேளை அவனா இருந்தா?"

தொட்டார். படம் எதுவும் வரவில்லை, வந்தது திருடன்தான். அண்ணன் யார் யாருக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதியிருந்தாரோ அத்தனை பேருக்கும் அதே ஸ்லைடு அவர் பெயரிலேயே பறந்தது. கணினிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. தலைமையகம், உரக்கடை, கோயில் பொருளாளர் என்று எல்லாரும் போன் போட்டு, நீதான் அனுப்பினாயா என்று அவரையே கேட்டார்கள். மேனேஜர் முகம் சிவக்க வந்து நின்றார். அண்ணன் எழுந்து நின்று, "என் தப்புதான் சார்" என்றார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. திரையில் மகன் பெயர். காதில் வைக்கப்போய் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

"அப்பா, நீங்கதான் ஸ்லைடு அனுப்புனீங்களா?"

"நான் இல்லப்பா. திறந்துட்டியா?"

"இல்லப்பா. கேக்காம திறக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

அண்ணன், "பசியாறிட்டியா?" என்றார். "மருமக நல்லா இருக்கா?"

மேனேஜர் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டுவிட்டு, எங்களை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அண்ணன் இப்போது மகனோடு மெல்பர்னில் இருக்கிறார். பேத்தி பிறந்திருக்கிறாள். எங்கள் கணினிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன, வேலையும் நடக்கிறது. ஆனாலும் அவர் இல்லாத ஆபீஸுக்குள் நுழைய மனசே வருவதில்லை. மெல்பர்னில் குளிர் எலும்பைக் குத்துமாம். அண்ணனுக்கு ஏர்கோன் காற்றே ஆகாது, மகன் நல்ல கம்பளிச் சட்டையாக வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.