பிரின்ஸும் சாப்பிட வந்திருக்கிறான்

நாய் வளர்க்கிறவர்கள் வேறு, நாயை ஓட்டலுக்கு அழைத்துப்போகிறவர்கள் வேறு. முதல் ஜாதியால் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லை. மிஞ்சிப்போனால் ஒரு கடி. இரண்டாம் ஜாதிதான் நம்முடைய ஆள். மனைவியிடம் தமிழும் மேலதிகாரியிடம் மௌனமும் நாயிடம் இங்கிலீஷும் பேசுவார். அவருடைய நாயை நீங்கள் 'அது' என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். 'அவன்' என்றுதான் சொல்ல வேண்டும். மேஜை துடைக்கிறவரை மட்டும் அவர் 'ஏய்' என்று கூப்பிடலாம்.

சத்துவாச்சாரி சகாதேவனையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1999இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மாருதி வேனில் மனைவி ரேவதியையும் பொமரேனியன் பிரின்ஸையும் ஏற்றிக்கொண்டு வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தார். நாயை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே, அதனால் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகச் சாமி கும்பிட்டார்கள். எட்டு மணிக்கு டிபன் என்று அவர் சொன்னதை நம்பி, ரேவதி ஏழரைக்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டாள். இப்போது மணி பத்தேகால்.

தேரடித் தெருவில் ஓர் ஓட்டல். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாய வெளிய கட்டிட்டு வாங்க சார்."

"அவன் பேரு பிரின்ஸ். வருஷம் தவறாம ஊசி போடறோம். உங்க சப்ளையர் போட்டிருக்காரா?"

"அவரு கடிக்க மாட்டாரு சார்."

சகாதேவன் வெளிநடப்புச் செய்தார். இந்த ஜாதிக்கு வெளிநடப்புதான் காலை டிபன். ரேவதியின் கண் மட்டும் யாரோ ஒருவருடைய பொங்கலில் கொஞ்சம் தங்கிவிட்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலிலும் இதே பேச்சு, இதே நடை.

"ஏங்க, பார்சல் வாங்கி வண்டியிலயே சாப்ட்டுக்கலாங்க. கை உதறுதுங்க."

"இது டிபன் விஷயம் இல்ல ரேவதி. கொள்கை."

கொள்கைக்குத் தொட்டுக்கொள்ள என்ன தருவார்கள் என்று கேட்க நினைத்தாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு நாயின்மேல் பொறாமை வந்தது. வண்டியிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை அது வரும் வழியிலேயே காலி பண்ணியிருந்தது.

கடைசியாக, செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் ஒரு கீற்றுக்கொட்டகை ஓட்டல். அதன் முதலாளி அப்பாதுரை தோளில் துண்டோடு வாசலுக்கே வந்தார். நாய் வரலாமா என்று சகாதேவன் கேட்டார்.

"நாய்தானே? கூட்டிகினு வாங்க சார்."

"பாத்தியா ரேவதி? இதான் நாகரிகம்!" என்றார் சகாதேவன். "கம், பிரின்ஸ்!" என்று சங்கிலியைக் கழற்றினார். உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். எழுந்துவிட்டார்.

அங்கே ஏற்கெனவே நான்கு பேர் படுத்திருந்தார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்திருந்தது, ஒருத்தி கர்ப்பிணி. பிரின்ஸ் வாலை ஆட்டிக்கொண்டே அவர்கள் நடுவில் இடம் பிடித்துப் படுத்துக்கொண்டான்.

"என்னங்க இது, தெரு நாயெல்லாம் உள்ள இருக்குது!"

"நாய் வரலாமான்னு நீங்கதானே சார் கேட்டீங்க?"

"என் நாய் வரலாமான்னு கேட்டேன். இதுங்களோட எப்படிங்க ஒண்ணா?"

அப்பாதுரை மேஜையைத் துடைத்தார். "இதுங்க தெனம் வர்றதுங்க சார். நீங்கதான் இன்னிக்குப் புதுசு."

"எழுந்திரு ரேவதி. வேற எடம் பாக்கலாம்."

ரேவதி எழவில்லை.

"அண்ணே, நாலு இட்லி. சாம்பார் ஜாஸ்தியா ஊத்துங்க."

வந்தது. சாப்பிட்டாள். இரண்டாவது இட்லியில் கை நடுக்கம் நின்றது, மூன்றாவதில் கோபம் வந்தது, நான்காவதில் அதுவும் போய்விட்டது. இன்னும் இரண்டு சொன்னாள். சகாதேவன் வாசலில், வெயிலில், வெறும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நீங்கள் நாய் வளர்ப்பதில்லை, ஆகவே இது உங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியாகச் சிரித்திருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன தடவை ஓட்டலில் உங்கள் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், வேறு மேஜை காலியாகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தீர்களே. அவரும் அதைப் பார்த்தார்.