கிராம்புக் காகிதத்தில் சுற்றிய ரொட்டி

என் ஆராய்ச்சியில் இனி என் மனைவியின் கை படக்கூடாது என்று முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

எனக்குக் காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கிராம்பெண்ணெயையும் தண்ணீரையும் பால்போலக் கலந்து, அந்தப் பால்மத்தைக் காகிதத்தில் தடவ வேண்டும். அதில் ரொட்டியைச் சுற்றினால் பூஞ்சை பிடிக்காது. இதுவரை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. காரணம், மறுநாளே எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். வீட்டில் நானும் அவளும்கூட அப்படித்தான். மேலே இருப்பவள் அவள்.

"இந்தத் தடவையும் பூஞ்சை பூத்துச்சுன்னா உங்க பிரிவையே மூடிடுவாங்க" என்றார் மேலாளர். ஒரு வீட்டுச் சமையலறையில் ரொட்டி ஒரு வாரம் தாங்கிக் காட்ட வேண்டுமாம். இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

புதுப் பால்மம் பிரியாமல் நின்றது. காகிதத்தில் தடவி, காயவைத்து, ரொட்டியைச் சுற்றி எங்கள் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

"இதைத் தொடாதே. விஷம்" என்றேன் மனைவியிடம்.

"கிராம்பு வாசனைல்ல வருது?"

"கிராம்பு வாசனை உள்ள விஷம்."

"அதைப் போய் ரொட்டிக்கு ஏங்க சுத்தறீங்க?"

"பூஞ்சை சாகறதுக்கு. உனக்குப் புரியாது."

"சரி. கையால தொடமாட்டேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்கப் பயம். காலையில் அவள் வாட்டிக் கொடுத்த ரொட்டியில்கூடக் கிராம்பு வாசனை அடித்தது. மூக்கும் போச்சு என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தின்றேன்.

கடைசி நாள் காகிதத்தைப் பிரித்தேன். ரொட்டி புத்தம் புதிதாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலாளருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். நாளைக்கே பால்மத்தை ஆலை மெஷினில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

"பாத்தியா? ஒரு வாரத்து ரொட்டி."

"ஒரு வாரமா? அது நேத்து வாங்கினதுங்க."

"தொடமாட்டேன்னியே?"

"கையால தொடல. இடுக்கியால எடுத்தேன். பழசு இருக்கறப்போ புதுசை யாராவது பிரிப்பாங்களா? தினமும் பழசை எடுத்துட்டுப் புதுசை அதே காகிதத்துல சுத்தி வெச்சேன்."

"எடுத்த ரொட்டியெல்லாம் என்ன பண்ணே?"

"விஷம்னு சொன்னீங்களே, நான் சாப்பிடுவேனா? உங்களுக்குத்தான் வாட்டிக் குடுத்தேன்."